தாழ்ந்து செல்லும் வண்டிகள்



மோட்டார் வண்டி என்றவுடன் நம் மனத்தில் முதலில் எழும் எண்ணம் வேகம். நடந்து சென்றால் ஒரு நாள் முழுதும் ஆகக்கூடிய தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்பதே அந்த வண்டியின் பயன் என்று எல்லோரும் கருதுகிறோம். அதைச் செய்தவர்களும் விற்றவர்களும் மணிக்கு எத்தனை கல் ஓடும் என்பதையே அதன் பெருமையாகக் கூறி வந்தனர். ஆயினும், மெதுவாகச் செல்வதற்கென்றே மோட்டார் வண்டியைத் திருத்தி அமைத்து, அதை ஒரு கலையாகவும் வாழ்க்கை முறையாகவும் வளர்த்த மக்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் பழைய வண்டி ஒன்றை வாங்குவார்கள். அதன் உடல் தரையைத் தொட்டுவிடுமோ என்று காண்பவர் அஞ்சும் அளவுக்கு அதைத் தாழ்த்துவார்கள். அதன்மேல் அடுக்கடுக்காக வர்ணம் பூசுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மனைவி மக்களோடு அதில் ஏறி, நகரத்தின் பெரிய வீதியில், நடந்து செல்பவரின் வேகத்தில் ஓட்டிச் செல்வார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிக்க வழியினரே அம்மக்கள். அவர்களையும் அவர்களுடைய வண்டிகளையும் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

தமிழகத்தை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இந்தப் பொருள் எதற்கு என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. தம் தாய்மொழி வழங்காத நகரத்தில் சிறு தொகையினராக வாழும் மக்கள், தாம் இங்கே இருக்கிறோம் என்பதை எவ்வாறு புலப்படுத்துவது என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. ஊரோடு ஊராகக் கரைந்து, இருக்கும் இடம் தெரியாமல் இருந்துவிடுவது ஒரு வழி. குரலை உயர்த்தி உரிமை கோருவது மற்றொரு வழி. கைத்திறனால் தம்மை ஊரார் கண்முன் நிறுத்திக்கொள்வது மூன்றாவது வழி. இந்த மூன்றாவது வழியில் சென்றவர்கள் இவர்கள். அதற்காக அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்வண்டியின் பெயரே முதலில் சிந்தனையைத் தூண்டுகிறது. ஆங்கிலத்தில் இதனை 'லோரைடர்' என்பர். வண்டிக்கும் அதுவே பெயர். அதை ஓட்டுபவனுக்கும் அதுவே பெயர். தமிழில் 'தாழ்வண்டி' என்று சொல்லலாம். ஆனால் நம் மொழியில் 'தாழ்வு' என்னும் சொல் உயரக்குறைவை மட்டும் குறிப்பதன்று. மதிப்புக் குறைவையும் குறிக்கும். அவ்விரண்டு பொருளும் இங்கே பொருந்துவது வியப்பே. ஊரார் தாழ்வாகக் கருதிய மக்கள், தாழ்வையே தம் வண்டிக்கு அழகாக ஆக்கிக்கொண்டனர். அவர்கள் தம்மைக் குறிக்க வழங்கும் 'சிக்கானோ' என்னும் சொல்லின் வரலாறும் இத்தகையதே. ஒரு காலத்தில் ஏளனமாக வழங்கிய அச்சொல்லை 1960-களில் இளைஞர்கள் பெருமையோடு தம் பெயராக ஏற்றனர். தம் வண்டி செல்லும் முறையை ஸ்பானிய மொழியில் 'பாஹீட்டோ இ சுவாவெசீட்டோ' என்பார்கள். 'தாழ்ந்து, நயமாக' என்பது அதன் பொருள்.

இனி, இம்மக்களின் நிலையைச் சிறிது காண்போம். கலிபோர்னியா மாநிலம் 1848-ஆம் ஆண்டுவரை மெக்சிகோ நாட்டைச் சேர்ந்ததாக இருந்தது. போரின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அது அமெரிக்காவிடம் வந்தது. ஆகவே அங்குள்ள மெக்சிக்க வழியினரில் ஒரு பகுதியினர் எங்கிருந்தும் குடியேறியவர்கள் அல்லர். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. மற்றப் பகுதியினர் இருபதாம் நூற்றாண்டில் வயல் வேலைக்கும் ரெயில் பாதை வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து சேர்ந்தவர்கள். 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, அவர்களில் ஏராளமானோர் மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்கக் குடிமக்களாகவே பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், தொளதொளப்பான நீண்ட உடை அணிந்த மெக்சிக்க இளைஞர்களைக் கடற்படையினரும் பிறரும் வீதிகளில் தேடிப் பிடித்து அடித்து, அந்த உடைகளைக் கிழித்தெறிந்தனர். தன் விருப்பப்படி உடுத்தி வீதியில் நடப்பதே ஓர் இளைஞனுக்குக் குற்றமாகிவிட்ட காலம் அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலை சற்று மாறியது. போருக்குச் சென்று திரும்பிய இளைஞர்கள் கையில் சிறிது பணமும் இயந்திரப் பயிற்சியும் இருந்தன. வசதி படைத்தவர்கள் புது மோட்டார்களை வாங்கினார்கள். அவர்கள் கழித்த பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றுள் ஷெவர்லே வண்டிகள் மிகுதி. உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைத்தன. அதே காலத்தில் வெள்ளை இளைஞர்கள் பலர் பழைய வண்டிகளை வாங்கி, எஞ்சினைப் பெரிதாக்கி, பாரத்தைக் குறைத்து, வேகத்துக்காகத் திருத்தி வந்தனர். மெக்சிக்க இளைஞர்கள் அதற்கு எதிர்த்திசையில் சென்றார்கள். வேகம் குறையட்டும், காண்பவர் கண் நிறையட்டும் என்பது அவர்கள் கொள்கை.

நம் ஊர்த் தேரை நினைத்துப் பார்த்தால் இக்கொள்கை எளிதில் விளங்கும். தேர் விரைந்து ஓடவேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை. அது ஆடி அசைந்து வரும்போதுதான் நான்கு வீதியிலும் உள்ளவர்கள் அதனைக் கண்ணாரக் காண முடியும். வாசலில் நிற்கும் கிழவிக்கும் தந்தையின் தோளில் இருக்கும் குழந்தைக்கும் காட்சி கிடைக்கிறது. அம்மக்களும் தம் வண்டியை அவ்வாறே வீதி உலாவுக்குரியதாகக் கருதினார்கள்.

வண்டியைத் தாழ்த்துவதற்கு அவர்கள் முதலில் கையாண்ட முறைகள் மிக எளியவை. டிக்கியில் மணல் மூட்டைகளையோ சிமெண்டு மூட்டைகளையோ அடுக்கினால் பின்புறம் தானே அமுங்கும். வேண்டாத போது மூட்டைகளை இறக்கிவிடலாம். இதைவிட நிலையான முறை, சக்கரங்களுக்கு மேலுள்ள சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றையோ இரண்டு சுற்றையோ அறுத்துவிடுவது. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியாயின், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே இரும்புக் கட்டை ஒன்றைச் செருகி உடலைத் தாழ்த்துவார்கள். சிலர் ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தளரச் செய்தார்கள். இது மிகத் தீய முறை. எஃகு தன் பதத்தை இழந்துவிட்டால் அந்த ஸ்பிரிங் எப்போது ஒடியும் என்று சொல்ல இயலாது.

அறுக்கப்பட்ட ஸ்பிரிங்கிலும் இடர் உண்டு. ஸ்பிரிங் குறுகியதால் சக்கரம் மேலும் கீழும் அசைய இடம் போதாது. பள்ளத்தில் இறங்கினால் உடல் அச்சின்மீது மோதும். ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்யாது. முன் சக்கரங்களின் சாய்வு மாறிவிடுவதால் டயரின் உட்புறம் விரைவில் தேயும். திருப்பத்தில் வண்டி கைக்கு அடங்காமல் போகலாம். எனவே, வண்டியைத் தாழ்த்தியவன் மெதுவாக ஓட்டியது அழகுக்காக மட்டும் அன்று. அவ்வாறு ஓட்டுவதே அவனுக்குப் பாதுகாப்பும் ஆயிற்று.

1958-ஆம் ஆண்டில் கலிபோர்னிய அரசாங்கத்தின் சட்டம் குறுக்கிட்டது. வண்டியின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடி விளிம்புக்குக் கீழே இருக்கும்படி மாற்றி அமைக்கலாகாது என்பது சட்டம். போக்குவரத்துப் பாதுகாப்பே இதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. டயர் வெடித்து வண்டி வளையத்தின்மேல் நின்றாலும் உடல் தரையில் மோதக்கூடாது என்பது நியாயமான கருத்தே. ஆனால் நடைமுறையில், மெக்சிக்க இளைஞர்களை வழியில் நிறுத்தி விசாரிப்பதற்குப் போலீசாருக்கு அச்சட்டம் ஒரு கருவியாயிற்று. வண்டி தாழ்ந்திருப்பது தொலைவிலிருந்தே தெரியும்; ஓட்டுபவன் யார் என்பதும் அதனால் தெரியும்.

சட்டத்துக்குப் பட்டறைகளில் விடை பிறந்தது. 1959-ஆம் ஆண்டில் ரான் அகீரே என்னும் இளைஞர் தம்முடைய கார்வெட் வண்டியில் ஒரு புதுமையைச் செய்தார். விமானங்களுக்குரிய எண்ணெய் அழுத்தக் கருவிகளைக் கொண்டு, வண்டியை வேண்டும்போது உயர்த்தவும் வேண்டும்போது தாழ்த்தவும் வழி கண்டார். 'எக்ஸ்-சானிக்' என்பது அவ்வண்டியின் பெயர். போரில் பயன்பட்ட விமானங்களின் பாகங்கள் கலிபோர்னியாவில் கழிவுப் பொருள்களாக மலிந்து கிடந்தன. போலீஸ்காரர் எதிரே வந்தால் ஒரு சுவிச்சைத் தட்டுவது. வண்டி சட்டப்படி உயர்ந்து நிற்கும். அவர் கடந்து சென்றதும் மறுபடி தட்டுவது, வண்டி தாழ்ந்துவிடும்.

இது வேலை செய்யும் விதம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. வண்டியைக் கழுவுமிடத்தில் எண்ணெய் அழுத்தத்தால் அதை அப்படியே மேலே தூக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே தத்துவம்தான் இங்கும். டிக்கியில் பாட்டரிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் மின்சாரம் ஒரு மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் பம்ப்பை இயக்குகிறது. பம்ப்பு, தொட்டியிலுள்ள எண்ணெயைக் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உருளைக்குள் செலுத்துகிறது. உருளையிலிருந்து தண்டு வெளியே தள்ளப்படும்போது ஸ்பிரிங்குக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது, வண்டி உயர்கிறது. வால்வைத் திறந்தால் வண்டியின் பாரமே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது; வண்டி இறங்குகிறது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுவிச்சு வைத்தால் எந்த மூலையையும் தனியே உயர்த்தலாம். பிற்காலத்தில் விமானப் பாகங்களுக்குப் பதிலாக, லாரிகளின் பின்கதவில் சரக்கேற்றும் மேடையைத் தூக்கும் பம்ப்புகளைப் பயன்படுத்தினார்கள். பாட்டரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வண்டியின் முன்புறம் தரையிலிருந்து துள்ளும்படியும் செய்தார்கள். அவ்வாறு துள்ளும் வண்டிக்குச் சட்டத்தையும் அச்சுப் பகுதிகளையும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்து வலுப்படுத்த வேண்டும். இல்லையேல் சட்டம் விரிசல் காணும்.

இக்கலைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்த வண்டி ஷெவர்லே இம்பாலா. 1958-ஆம் ஆண்டில் இது அறிமுகமாயிற்று. அவ்வாண்டு முதல் 1964 வரை வெளிவந்த இம்பாலாவின் அடிச்சட்டம் பெருக்கல் குறியைப் போன்ற வடிவுடையது. நான்கு சக்கரங்களிலும் சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தமையால் எண்ணெய் உருளைகளைப் பொருத்துவது எளிதாயிற்று. நீண்ட, அகன்ற, தட்டையான மேற்பரப்பு இருந்தமையால் வர்ணம் தீட்டுபவனுக்கும் அது நல்ல பலகையாக அமைந்தது.

இனி வர்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியைத் தாழ்த்துவது இக்கலையின் பாதி என்றால், வர்ணம் மற்றப் பாதி. 1950-களில் கலிபோர்னியாவில் ஜோ பைலோன் என்னும் வண்டிக் கலைஞர் ஒரு புதுச் சிவப்பு வர்ணத்தை உருவாக்கினார். சர்க்கரைப் பாகில் தோய்த்த ஆப்பிள் பழத்தைப் போல மின்னியதால் அதற்கு அப்பழத்தின் பெயரே வழங்கலாயிற்று. மழை பெய்த இரவில் வண்டிகளின் பின்விளக்கு ஒளி ஈரத் தெருவில் படிந்ததைக் கண்டு, அந்த நிறத்தைப் பிடிக்க அவர் பல்லாண்டுகள் முயன்றார் என்று சொல்வார்கள்.

சாதாரண வர்ணம் உலோகத்தை மறைக்கும். இந்த வர்ணமோ கண்ணாடியைப் போல ஒளியை ஊடுருவ விடும். முதலில் பழைய வர்ணத்தை அடியோடு நீக்கி, நெளிவுகளைத் தட்டிச் சமப்படுத்தி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இங்கே ஒரு மயிரிழைக் குறை இருந்தாலும் மேலே பூசும் வர்ணம் அதை மறைக்காது, பெரிதாக்கிக் காட்டும். அடுத்து, வெள்ளி அல்லது பொன் நிறமான உலோகப் பொடி கலந்த அடிப்பூச்சு. அதன்மேல் நிறச்சாயம் கலந்த ஒளி ஊடுருவும் பூச்சு, மெல்லிய அடுக்குகளாகப் பல முறை. முடிவில் நிறமற்ற மேற்பூச்சு. அதையும் நீர் தெளித்து நுண்ணிய தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெயில் மேற்பூச்சின் வழியாகவும் நிறத்தின் வழியாகவும் உள்ளே சென்று, அடியிலுள்ள உலோகப் பொடியில் பட்டு, மீண்டும் அதே நிறத்தின் வழியாக வெளியே வருகிறது. ஒளி இருமுறை நிறத்தில் தோய்வதால்தான் ஆழ்ந்த குளத்தைப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது.

இதில் உள்ள சிரமம், பிழையைத் திருத்த வழியில்லாமையே. ஒவ்வோர் அடுக்கும் நிறத்தைக் கூட்டுவதால், பீய்ச்சும் துப்பாக்கி ஓரிடத்தில் ஒரு கணம் தயங்கினாலும் அங்கே நிறம் கருத்துத் திட்டாகிவிடும். ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் பூசிச் சரிசெய்ய முடிவதில்லை; முழுக் கதவையும், சில சமயம் அதன் இருபுறத்தையும், மறுபடி பூச வேண்டும். இத்தகைய வர்ணம் வெயிலில் வெளுக்கவும் செய்யும். அன்றியும், இவ்வகைப் பூச்சுகள் சிலவற்றின் ஆவி நுரையீரலுக்குக் கேடு செய்வது. தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் இன்றி இவ்வேலையில் இறங்குவது உடலுக்கு ஊறு தேடுவதாகும்.

நிறத்தின்மேல் சித்திரம் வரும். பூ வேலை செய்த வலைத் துணியை வண்டியின்மேல் விரித்து, அதன்மேல் வர்ணத்தைப் பீய்ச்சித் துணியை எடுத்தால் கோலம் போட்டது போன்ற உரு பதிந்திருக்கும். மயிர்த் தூரிகையால் இழை இழையாகக் கோடு இழுப்பார்கள். குவாதலூப்பே மாதாவின் உருவத்தையும், பழைய மெக்சிகோவின் அரசர்களையும் வீரர்களையும், மறைந்துபோன பெற்றோரின் முகத்தையும் எழுதுவார்கள். வடநாட்டு நெடுஞ்சாலைகளில் செல்லும் லாரிகளின்மேல் தாமரையும் மயிலும் தெய்வப் பெயரும் எழுதியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். தன் வண்டியைத் தன் வீடாகக் கருதுபவன் அதன் சுவரில் தனக்கு வேண்டியவர்களை எழுதி வைப்பது எந்நாட்டிலும் இயல்பு போலும்.

இவ்வண்டிகளுள் மிகுந்த புகழ் பெற்றது 'ஜிப்சி ரோஸ்' என்பது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் கிழக்குப் பகுதியில் 'இம்பீரியல்ஸ்' என்னும் வண்டிச் சங்கத்தின் தலைவராக விளங்கிய ஜெஸ்ஸி வலடேஸ் அதன் சொந்தக்காரர். அவர் முதலில் அப்பெயரில் அமைத்த வண்டி தாக்குதலுக்கு உள்ளாகிப் பாழாயிற்று. அவர் மனம் தளராமல் 1964-ஆம் ஆண்டு இம்பாலா ஒன்றை வாங்கி மீண்டும் தொடங்கினார். இளஞ்சிவப்பு நிறத்தின்மேல், நூற்றுக்கு மேற்பட்ட ரோஜா மலர்களை வால்ட் பிரே என்னும் ஓவியர் கையால் தீட்டினார். 1974-ஆம் ஆண்டில் தொடங்கிய 'சிக்கோ அண்ட் த மேன்' என்னும் தொலைக்காட்சி நாடகத்தின் தொடக்கக் காட்சியில் அவ்வண்டி தோன்றி, அமெரிக்கா முழுவதும் அறிமுகமாயிற்று. 2011-ஆம் ஆண்டில் வலடேஸ் காலமானபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் அவ்வண்டியும் சென்றது.

சங்கங்கள் என்று சொன்னோம். தனி மனிதனின் பொழுதுபோக்கு ஒரு சமூகத்தின் பழக்கமாக வளர்ந்தது இவற்றால்தான். 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தோன்றிய 'டியூக்ஸ்' என்னும் சங்கம் இன்றும் இருக்கிறது. சங்கத்தின் பெயரைப் பொறித்த சிறு உலோகத் தகடு வண்டியின் பின் கண்ணாடியில் இருக்கும். அத்தகட்டை வைத்துக்கொள்வதற்கு வண்டி மட்டும் அழகாக இருந்தால் போதாது. ஓட்டுபவரின் நடத்தையும் செவ்வையாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்த சங்கங்கள் பல. தந்தை மகனுக்கும், இப்போது மகளுக்கும், இவ்வேலையைக் கற்பிக்கிறார். கோடு இழுப்பவர், இருக்கைக்கு மெத்தை தைப்பவர், குரோமிய மெருகேற்றுபவர், எண்ணெய்க் குழாய் பொருத்துபவர் என்று பல தொழில்கள் இதனைச் சார்ந்து வாழ்கின்றன. 1977-ஆம் ஆண்டில் சான் ஹோசே நகரிலிருந்து 'லோரைடர்' என்னும் பெயரிலேயே ஒரு பத்திரிகை தோன்றி, 2019 வரை அச்சில் வெளிவந்தது.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இவ்வண்டிகள் உலாச் செல்லும் வீதி விட்டியர் பெருவீதி. அவ்வீதிக்கு வேறொரு நினைவும் உண்டு. 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், வியத்நாம் போரை எதிர்த்துச் சிக்கானோ மக்கள் நடத்திய பெரும் பேரணியைப் போலீசார் கலைத்தபோது, ரூபன் சலாசர் என்னும் பத்திரிகையாளர் அவ்வீதியில் ஓர் உணவு விடுதியினுள் இருக்கையில், போலீசார் எய்த கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்தார். அந்த வீதியில் வாரந்தோறும் தம் வண்டியில் மெல்லச் சென்று வருவது அம்மக்களுக்கு வெறும் உல்லாசமாக மட்டும் இருந்திருக்க இயலாது. 1979-ஆம் ஆண்டில் அவ்வீதியில் இரவு உலா தடுக்கப்பட்டது. 1980-களில், ஒரே வீதியில் திரும்பத் திரும்ப ஓட்டிச் செல்வதைத் தடைசெய்ய உள்ளூராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் இடம் தந்தது. நகரம் நகரமாகத் தடை பரவியது.

நடுநிலையோடு சொல்வதானால், தடையை வேண்டியவர்கள் எல்லோரும் இன வெறுப்பினால் அவ்வாறு வேண்டியவர்கள் அல்லர். உலா நாள்களில் பெருவீதி அடைபட்டது; கடைக்காரர்களுக்கு வியாபாரம் கெட்டது; அவசர ஊர்திகள் செல்ல வழியில்லை. கூட்டத்தில் சில வேளை அடிதடியும் நேர்ந்தது. ஆனால் தவறு செய்தவனைத் தண்டிப்பதும், ஒரு வகை வண்டியை ஓட்டுபவர் அனைவரையும் தவறு செய்பவராகக் கொள்வதும் ஒன்றாகா. முப்பது ஆண்டு உழைத்து வண்டி செய்த முதியவரும், அதே வீதியில் இரண்டாம் முறை சென்றதற்காக அபராதம் செலுத்த நேர்ந்தது என்றால், சட்டம் தன் குறியைத் தவறவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடபகுதியில், சிமாயோ என்னும் சிற்றூரில் பிறந்த வண்டி ஒன்றைப் பற்றியும் கூறவேண்டும். டேவிட் ஹராமியோ என்பவர் 1969-ஆம் ஆண்டு போர்டு வண்டி ஒன்றை 1970-களில் திருத்தத் தொடங்கினார். 1978-இல் அவர் ஒரு விபத்தில் இறந்தார். வேலை பாதியில் நின்றது. அவருடைய மனைவியும் உறவினரும் நண்பர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். அவரும் மனைவியும் மகனும் சேர்ந்திருக்கும் படம் அவ்வண்டியில் தீட்டப்பட்டது. 'டேவின் கனவு' என்று அதற்குப் பெயரிட்டார்கள். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அதனைப் பெற்று, அமெரிக்க வரலாற்றுக்கான தேசியப் பொருட்காட்சிசாலையில் சேர்த்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டில் 'ஜிப்சி ரோஸ்' வண்டியும் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம் பெற்று, வாஷிங்டன் நகரின் நடுவே கண்ணாடிக் கூண்டினுள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். தலைநகரில் கௌரவம் பெற்ற அதே கலை, பிறந்த மாநிலத்தின் வீதியில் அப்போதும் குற்றமாகவே இருந்தது. வண்டிச் சங்கத்தினர் நகரசபைகளுக்குச் சென்று பேசினார்கள், மனுக் கொடுத்தார்கள், அமைதியான உலாக்களை நடத்திக் காட்டினார்கள். சான் ஹோசேயும் சாக்ரமெண்டோவும் 2022-இல் தங்கள் தடைகளை நீக்கின. 2023 அக்டோபரில் கலிபோர்னிய மாநிலம் முழுமைக்குமான சட்டம் கையொப்பமாகி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலாவுக்குத் தடை விதிக்கும் அதிகாரம் உள்ளூராட்சிகளிடமிருந்து நீங்கியது. வண்டியின் தாழ்வு பற்றிய 1958-ஆம் ஆண்டுத் தடையும் அதனோடு ஒழிந்தது. இடையில் கழிந்தவை 66 ஆண்டுகள். முதலில் ஸ்பிரிங்கை அறுத்தவர்களில் பலர் அந்த நாளைக் காண உயிரோடு இல்லை.

இதைக் கேட்டு நம் இளைஞர்கள் எவரேனும் வீட்டிலுள்ள பழைய அம்பாசிடரின் ஸ்பிரிங்கை அறுக்கப் புறப்படலாகாது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. வர்ணத்தை மாற்றினால் அதைப் பதிவுச் சான்றிதழில் குறிக்கச் செய்ய வேண்டும். 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்குத் தொன்மை வாகனம் என்னும் தனிப் பதிவு கிடைக்கும். ஆனால் அது பெரிய மாறுதல் எதுவுமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும்.

பழம்பொருளுக்கு மதிப்பளிக்க இரண்டு வழிகள் இருப்பதாக இதிலிருந்து கொள்ளலாம். ஒன்று, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஓர் ஆணியும் மாறாமல் காப்பது. மற்றொன்று, அதைத் தன்னதாக ஏற்று, தன் மக்களின் நினைவுகளை அதன்மேல் எழுதுவது. முதல் வழியில் செல்பவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியைப் புதிதாக வாங்க முடிந்தவர்களின் வழியில் வந்தவர்கள். சிக்கானோ மக்களின் கைக்கு வண்டி வரும்போது அது ஏற்கெனவே பிறர் ஓட்டிக் கழித்தது. அதன் பழைய உருவத்தில் அவர்களுடைய வாழ்க்கை எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் தம் வாழ்க்கையை அதில் சேர்த்தார்கள்.

வேற்றூரில் வாழும் நாமும் பிறர் கட்டிய வீடுகளில் குடியிருக்கிறோம். பிறர் பெயரிட்ட தெருக்களில் நடக்கிறோம். விடியற்காலையில் வாசலில் ஒரு கோலம், மார்கழியில் ஒரு பஜனை, தை மாதத்தில் முற்றமில்லாத மாடிக் குடியிருப்பில் ஒரு பொங்கல் பானை என்று நாமும் சிறிது சிறிதாக அவற்றில் நம்மைச் சேர்த்து வருகிறோம். அண்டை வீட்டார் முதலில் வியப்பார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். வேலை செம்மையாக இருந்து, நடத்தை நேர்மையாக இருந்து, பொறுமையும் இருந்தால், அந்த அடையாளமும் நாளடைவில் அந்த ஊரின் அழகுகளில் ஒன்றாகக் கருதப்படும். தாழ்ந்து செல்லும் அந்த வண்டிகளைப் பற்றி நேயர்களிடம் பேச எண்ணியது இதனை முன்னிட்டே.